பொதுச்சுமை என்னும் பூச்சாண்டி

வறுமையை ஒழிப்பதாகக் கூறும் அரசுகள் வறியவரை ஒதுக்குவதிலேயே அதிக திறமை காட்டி வந்துள்ளன. சரித்திரம் இதற்குத் தரும் சான்றுகள் பல. அவற்றுள் ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிவரவுச் சட்டத்தில் 1882ஆம் ஆண்டு முதல் ஒரு சொல் நிலைபெற்றிருக்கின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாது அரசின் உதவியில் தங்கி வாழக்கூடியவர் எனக் கருதப்படுபவரை அச்சட்டம் 'பொதுச்சுமை' என்று பெயரிட்டு, நாட்டினுள் புகவிடாது தடுக்கின்றது. உள்ளே வந்துவிட்டவர் நிரந்தர வதிவுரிமை கேட்கும்போதும் அதே அளவுகோலை எடுத்து நீட்டுகின்றது. மனிதரைச் சுமையென்று அழைக்கும் சொல்லொன்று 140 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சட்டப் புத்தகத்தில் உயிர்வாழ்வது தற்செயலான காரியமன்று. அச்சொல் யாருக்கோ பயன்படுகின்றது, ஆகையால் வாழ்கின்றது.

நமது வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். பொதுச்சுமைச் சட்டம் தனது எழுத்தினால் தடுப்பதைக் காட்டிலும் தான் பரப்பும் அச்சத்தினாலேயே அதிகம் தடுக்கின்றது. சட்டம் தொடாத தாயும், சட்டம் பெயர் சொல்லாத குழந்தையும் அவ்வச்சத்தினால் உணவையும் மருந்தையும் கைவிடுகின்றனர். எந்த உதவியைப் பெற்றால் வதிவுரிமைக்கு ஊறு நேரும், எதைப் பெற்றால் நேராது என்பதைக் குடிவரவாளருக்கு அவரவர் மொழியில் விளக்கிச் சொல்லுதலைத் தரும கைங்கரியமாகக் கருதுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. அதனை உரிமைப் போராட்டத்தின் ஓர் அங்கமாகவே கொள்கின்றோம்.

அமெரிக்காவின் விவகாரத்தில் ஈழத்துச் சஞ்சிகை ஒன்றுக்கு என்ன வேலை என்று கேட்போர் உளர். அமெரிக்காவில் பிரசையாகிவிட்ட மகன் தன் பெற்றோரை அழைப்பதற்கு விண்ணப்பிக்கும்போது, அப்பெற்றோர் பொதுச்சுமையாவரா என்ற கேள்வி கொழும்பிலுள்ள தூதரகத்தில்தான் கேட்கப்படுகின்றது. அங்கு செல்வதற்கு முன்னர் அவர்கள் யாரிடம் விளக்கம் கேட்கின்றனர்? ஊரில் ஆங்கிலம் அறிந்த ஆசிரியரிடம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளையிடம். அன்றியும், இதே தராசில் ஒரு முறை நிறுக்கப்பட்டவர்கள் நமது நாட்டிலும் இருக்கின்றார்கள். அதனைப் பின்னர் கூறுவோம்.

முதலில் இச்சொல்லின் பூர்வீகத்தைப் பார்ப்போம். அது அமெரிக்காவில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1662ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குடியமர்வுச் சட்டம், ஒரு கோயிற்பற்றுக்குப் புதிதாக வந்த ஏழை பிற்காலத்தில் அவ்வூரின் நிவாரண வரிக்குப் பாரமாகக் கூடும் என்று தோன்றினாலே போதும், வந்த நாற்பது நாளுக்குள் முறையிட்டு அவரைப் பழைய ஊருக்குத் துரத்திவிடலாம் என்று அதிகாரம் வழங்கிற்று. ஆண்டுக்குப் பத்துப் பவுண் வாடகை கொடுத்துக் குடியிருக்க வல்லவரை அச்சட்டம் தீண்டவில்லை. ஆக, நடந்ததைப் பாராமல் நடக்கக்கூடியதை ஊகித்துத் தண்டிப்பதும், அந்த ஊகத்தைப் பணமுள்ளவன்மேற் செலுத்தாமல் விடுவதும் அன்றே தொடங்கிவிட்டன. தொழிலாளி ஊர் விட்டு ஊர் செல்வதை இச்சட்டம் தடுத்தமையை அடம் சிமித் 1776இல் வன்மையாகக் கண்டித்தார். 1795இல் இங்கிலாந்தே இவ்வூகத்தைப் பெரும்பாலும் கைவிட்டது; உண்மையில் நிவாரணம் பெற நேர்ந்தவரையன்றி, பெறக்கூடும் என ஐயுறப்படுபவரை அகற்றலாகாது என்று விதி செய்தது.

இங்கிலாந்து கைவிட்டதை அமெரிக்கா கையிலெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பஞ்சத்துக்குத் தப்பிவந்த அயர்லாந்து ஏழைகளை மசச்சூசெற்ஸ் மாநிலம் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிற்று. 1882 மே மாதம் சீனத் தொழிலாளரைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதம், பொதுச்சுமையாகாமல் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவரைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. வந்திறங்கும் ஒவ்வொரு தலைக்கும் ஐம்பது சதம் வரியும் விதிக்கப்பட்டது. நிறத்தால் ஒதுக்குவதும் வறுமையால் ஒதுக்குவதும் ஒரே ஆண்டின் இரட்டைக் குழந்தைகள் என்பதைக் கவனித்தல் வேண்டும். 1891ஆம் ஆண்டுச் சட்டம் 'பொதுச்சுமை ஆகக்கூடியவர்' என்று எழுதி, பழைய ஊகத்துக்கு மீண்டும் அரியாசனம் அளித்தது. அடுத்த ஆண்டு நியூயோர்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் திறக்கப்பட்ட குடிவரவு நிலையத்தில், துணையின்றித் தனியே வந்த பெண்கள் உறவினர் வந்து பொறுப்பேற்கும்வரை தடுத்து வைக்கப்பட்டனர். உழைக்க வல்ல இரு கரங்களும் அலுவலரின் கண்ணுக்குப் புலப்படவில்லை. துணைக்கு ஆணில்லாமையே புலப்பட்டது.

சட்டத்தின் சொல் மாறாதிருக்க, அதன் பொருள் மட்டும் ஆளுவோரின் தேவைக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது. 1915இல், போட்லண்ட் நகருக்குச் செல்ல வந்த ரஷ்யத் தொழிலாளரை, அந்நகரில் வேலை கிடைப்பது அரிது என்று காரணம் காட்டி அதிகாரிகள் மறித்தனர். உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வருபவரின் சொந்த நிலைமையைப் பார்க்கலாமேயன்றி ஊரின் வேலைச்சந்தையைக் காரணமாக்கலாகாது என்று நீதியரசர் ஹோம்ஸ் தீர்ப்பளித்தார். பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. பொருளாதார மந்தம் வந்தது. 1930 செப்ரெம்பரில் ஜனாதிபதி ஹூவரின் அரசாங்கம், பொதுச்சுமை வாசகத்தை இறுக்கமாகப் பிரயோகிக்குமாறு வெளிநாடுகளிலுள்ள தூதுவ அலுவலருக்குப் பணித்தது. புதிய சட்டம் எதுவும் நிறைவேறவில்லை. ஓர் எழுத்தும் மாறவில்லை. எனினும் 1930ஆம் நிதியாண்டில் 241,700 ஆக இருந்த குடிவரவாளர் தொகை 1932இல் 35,576 ஆக வீழ்ந்தது. மந்தத்தின் தாக்கமும் இவ்வீழ்ச்சியில் உண்டு. ஆனால் அதே வாசகத்தின் இறுக்கம், ஹிற்லரின் ஜெர்மனியிலிருந்து தப்ப முயன்ற யூதர்களின் முகத்திலும் கதவை அடைத்தது. ஜெர்மனிக்கென ஆண்டுக்கு 25,957 பேர் வரலாம் என்ற ஒதுக்கீடு இருந்தும், 1930களின் பெரும்பகுதியில் அது நிரம்பவேயில்லை. உயிர் தப்பி ஓடிவருபவனிடம் உன் வங்கிக் கணக்கைக் காட்டு என்று கேட்டது அந்நாகரிகம்.

இனி நமது காலத்துக்கு வருவோம். இங்கேதான் சூட்சுமம் இருக்கின்றது. வாசகர் சற்றுப் பொறுமையுடன் பின்தொடர்தல் வேண்டும்.

1996ஆம் ஆண்டு கிளின்ரன் ஆட்சியில் இரண்டு சட்டங்கள் வந்தன. முதலாவது, நிரந்தர வதிவுரிமை பெற்றவருக்குக்கூட, மத்திய அரசின் பெரும்பாலான வறுமை நிவாரணங்களை முதல் ஐந்தாண்டுகளுக்கு இல்லையென்று ஆக்கிற்று. ஆவணமற்றோருக்கு ஏற்கெனவே அடைபட்டிருந்த கதவுகளை மேலும் இறுக்கிற்று. இரண்டாவது, குடும்பத்தவரை அழைப்பவர் அவருக்குப் பொறுப்பேற்பதாகச் சட்டவலுவுள்ள பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும், பொதுவாக அவரது வருமானம் வறுமைக்கோட்டின் 125 வீதமாவது இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. வருபவரின் வயது, உடல்நலம், குடும்பநிலை, சொத்து, கல்வியும் தொழிற்றிறனும் ஆகிய ஐந்தையும் நிறுத்துப் பார்க்குமாறும் பணித்தது.

இதிலுள்ள முடிச்சை அவிழ்த்துப் பார்ப்போம். பொதுச்சுமைச் சோதனைக்கு உட்படுபவர் யார்? பெரும்பாலும் குடும்ப உறவின் மூலம் நிரந்தர வதிவுரிமை கேட்பவர். அவ்வுரிமை கிட்டுமுன் அவருக்கு எந்த மத்திய அரசு நிவாரணம் கிடைக்கும்? பெரும்பாலும் எதுவுமில்லை; சட்டமே மறித்துவிட்டது. நிவாரணம் பெறத் தகுதியுடையவராக நெடுங்காலம் இருந்தோர் யார்? அகதிகளும், புகலிடம் பெற்றோரும். அவர்களுக்குப் பொதுச்சுமைச் சோதனை உண்டா? இல்லை, சட்டமே விலக்களித்துள்ளது. மனிதக் கடத்தலுக்கும் சில கொடுங்குற்றங்களுக்கும் இலக்காகித் தனி வீசா பெற்றோருக்கும், குடும்பத்துள் வன்கொடுமைக்குள்ளாகித் தாமே விண்ணப்பிப்போருக்கும் அவ்வாறே விலக்குண்டு. சோதிக்கப்படுபவருக்கு உதவி இல்லை. உதவி உள்ளவருக்குச் சோதனை இல்லை. அப்படியாயின், நிவாரணம் பெற்ற காரணத்தால் மட்டும் வதிவுரிமை இழக்கக்கூடியவர் மிகச் சிலரே. இவ்வளவு சிறிய கூட்டத்துக்காகவா இவ்வளவு பெரிய ஆரவாரம்?

ஆரவாரமே நோக்கமென்றால் புதிர் விளங்கிவிடும். 1996ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னர், தகுதியுள்ள குடும்பங்களும் அஞ்சி வைத்தியசாலைக்குச் செல்வதையே நிறுத்தின. பொதுச் சுகாதாரத்துக்கு இது கேடு என்பதை அரசே உணர்ந்து, 1999இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வாழ்வதற்குப் பிரதானமாக அரசின் காசு உதவியை நம்பியிருப்பவரும், அரசின் செலவில் நீண்டகாலப் பராமரிப்பு நிலையத்தில் தங்கியிருப்பவருமே பொதுச்சுமையாகக் கணிக்கப்படுவர். உணவுதவி, மருத்துவ உதவி, வீட்டுதவி, பாடசாலை மதியபோசனம் ஆகியவை கணக்கில் வாரா என்று அது தெளிவாக்கிற்று.

அத்தெளிவை டிரம்ப் ஆட்சி உடைத்தது. 'உணவு முத்திரை' என்ற பழைய பெயரால் இன்றும் அழைக்கப்படும் உணவுதவியையும், மெடிக்கெய்ட் என்னும் மருத்துவ உதவியின் பெரும்பகுதியையும், வாடகை உதவியையும் கணக்கிற் சேர்க்கும் புதிய விதியின் நகல் 2018 ஒக்டோபரில் வெளிவந்தது. முப்பத்தாறு மாதங்களுள் மொத்தம் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் உதவி பெற்றவர் பொதுச்சுமையாவார். ஒரே மாதத்தில் இரண்டு உதவி பெற்றால் அது இரண்டு மாதமாக எண்ணப்படும். இவ்விதி 2020 பெப்ரவரி 24ஆந் தேதியே நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2018 டிசெம்பரிலேயே, அதாவது விதி நகலாக மட்டும் இருந்தபோதே, குடிவரவுக் குடும்பங்களில் வயதுவந்தோருள் ஏழில் ஒருவர், தாமோ தம் குடும்பத்தவரோ வதிவுரிமை பறிபோகும் என்ற பயத்தால் அரச உதவியைத் தவிர்த்ததாகக் கூறினர். வருமானம் குறைந்த குடும்பங்களில் இது ஐந்தில் ஒருவர். ஏர்பன் இன்ஸ்ரிரியூற் என்னும் ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கு இது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர் நம்மவர். அரண்டவனைக் குறை கூறுவது எளிது; விளக்கை அணைத்தவன் யார் என்று கேட்பதே அறிவு.

விதி நடைமுறைக்கு வந்த சில வாரங்களுள் கொரோனாக் கொள்ளைநோய் பரவிற்று. நோய்ச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் வருவது பொதுச்சுமைக் கணக்கிற் சேராது என்று குடிவரவுச் சேவை 2020 மார்ச் மாதத்தில் அவசரமாக அறிவிக்க நேர்ந்தது. வைத்தியரிடம் போகாதே என்று பயமுறுத்திவிட்டு, போய்வா என்று பின்னர் அழைப்பதில் என்ன பயன்? அவ்விதி 2021 மார்ச் 9ஆந் தேதி நீக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு வழிகாட்டியைப் பெரிதும் ஒத்த புதிய விதி 2022 டிசெம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2025 ஜூலை 4ஆந் தேதி கையொப்பமான பெருஞ்சட்டம், அகதிகளிடமிருந்தும் புகலிடம் பெற்றோரிடமிருந்தும், அவர்கள் நிரந்தர வதிவுரிமை பெறும்வரை, உணவுதவியைப் பறித்தது. மெடிக்கெய்ட் உதவியும் பறிபோவதற்கு 2026 ஒக்டோபர் 1 என நாள் குறித்தது. சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவருக்கு இப்போது சோறே விலக்காயிற்று. 2025 நவம்பரில், 2022ஆம் ஆண்டு விதியை அகற்றும் யோசனையை உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்டது. அதன் சாரத்தை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எது எண்ணப்படும், எது எண்ணப்படாது என்ற வரையறைகளை அது அழிக்க முற்பட்டது. அவற்றுக்குப் பதிலாக வேறு வரையறைகளை எழுதவில்லை. அலுவலரின் மதிப்பீட்டுக்கே விட்டது. இதனால் மக்கள் உதவிகளிலிருந்து விலகுவர் என்பதை எதிர்பார்த்து, மிஞ்சும் பணத்தையும் அவ்வாவணமே கணக்கிட்டது! கொடிய விதிக்கேனும் ஓர் எல்லை உண்டு. எல்லை இல்லாத விதிக்கு அச்சமே எல்லை. அதே மாதத்தில், நீரிழிவு முதலிய நீண்டகால நோயுள்ளோரின் வீசா விண்ணப்பங்களைச் செலவுக் கண்ணோட்டத்தில் நோக்குமாறு தூதரகங்களுக்கு அறிவுறுத்தல் சென்றதென்ற செய்தியும் வெளிவந்தது. அறுபது வயது கடந்த நமது தாய்மாருள் சீனி வருத்தம் இல்லாதவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கையில், இச்செய்தி யாருடைய வீட்டு வாசலுக்கு வருகின்றது என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி, நம்மை எதிர்த்துப் பேசுவோரின் வாதங்களை நோக்குவோம்.

'தன் நாட்டுக்குப் பாரமாகக்கூடியவரை எந்த நாடுதான் வரவேற்கும்?' என்பது முதல் வாதம். நியாயம் போலத் தோன்றும் இவ்வாதம் ஒரு பொய்யின்மேல் நிற்கின்றது. பாரத்தைச் சுமப்பவர் யார்? ஆவணமற்ற குடிவரவாளர் 2022ஆம் ஆண்டில் செலுத்திய வரிகள் ஏறத்தாழ 9,670 கோடி டொலர் என்று வரிக்கொள்கை ஆராயும் நிறுவனமொன்று மதிப்பிட்டுள்ளது. அவர்களுட் பலர் செலுத்தும் சமூகப் பாதுகாப்பு வரியினால் முதுமையில் அவர்களுக்கு ஒரு சதமும் கிட்டாது. தோட்டத்தில் பழம் பறிப்பவர், உணவுச்சாலையில் கோப்பை கழுவுபவர், முதியோரைக் குளிப்பாட்டுபவர் ஆகியோருக்குக் கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளி, அக்கூலியிற் குடும்பம் நடத்த முடியாதென்பதை அறிவான். குறைவாகக் கொடுத்த கூலியின் மிச்சத்தையே அரசு உணவுதவியாகக் கொடுக்கின்றது. அப்படியானால் அரசின்மேற் சுமையை ஏற்றியவர் முதலாளியா, தொழிலாளியா? உழைப்பை ஏற்றுக்கொண்டு உழைப்பாளியின் பசியை ஏற்க மறுப்பதே இச்சட்டத்தின் வர்க்கத் தன்மை. அன்றியும், நாளைக்கு வேலை போனால் கேட்பதற்கு எதுவுமில்லை என்று அஞ்சுபவன் இன்றைக்குக் கூலி உயர்வு கேட்க மாட்டான். அச்சம் முதலாளிக்கு மலிவான கங்காணி.

இரண்டாவது வாதம் நம்மவர் வாயிலிருந்தே வருகின்றது. வைத்தியராகவும் பொறியியலாளராகவும் சென்று நல்வாழ்வு பெற்றோர் சிலர், 'நாங்கள் ஒருவரிடமும் கை நீட்டவில்லை; நீட்டுபவர்களால் நமது சமூகத்துக்கே தலைகுனிவு' என்கின்றனர். மானத்தின் பெயராற் பேசப்படும் இப்பேச்சு மிகக் கொடியது. இவர்கள் இலங்கையில் இலவசக் கல்வி பெற்றவர்கள். இலவச வைத்தியசாலையிற் பிறந்தவர்கள். கூப்பன் அரிசி உண்ட பெற்றோரின் பிள்ளைகள். அவையெல்லாம் பொதுப்பணம் அல்லவா? அவற்றைப் பெற்றபோது தலை குனிந்தார்களா? மக்கள் வரியால் மக்களுக்கு வருவது பிச்சையன்று என்ற உண்மையைப் பிறந்த நாட்டில் அனுபவித்துவிட்டு, புகுந்த நாட்டில் மறுப்பது வர்க்கம் மாறியதன் அடையாளமே. இப்பேச்சைக் கேட்டு நாணி, தன் குழந்தைக்குரிய பாலையும் மருந்தையும் கேட்காமலிருக்கும் ஏழைத் தாயின் துயரத்துக்கு இவர்களும் பொறுப்பாளிகள்.

மூன்றாவது வாதம் அன்பின் வேடத்தில் வருகின்றது: 'எதற்கும் ஒன்றையும் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.' முகவரும் சொல்கின்றார், அயலவரும் சொல்கின்றார். இதனாற் சொல்பவருக்கு நட்டமில்லை. கேட்பவரின் வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை வைத்தியரைக் காணாதிருக்கின்றது. கருவுற்ற பெண் சத்துணவின்றி இருக்கின்றாள். அமெரிக்காவிற் பிறந்த பிள்ளை அந்நாட்டின் பிரசை. அப்பிள்ளை தன் பெயரிற் பெறும் உணவுதவியை, 2019ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கடும் விதிகூடத் தாயின் கணக்கில் எழுதவில்லை. 2022ஆம் ஆண்டு விதியும் எழுதவில்லை. சட்டத்தின் மிகக் கொடிய வடிவமும் செய்யத் துணியாததை 'பாதுகாப்பான' ஆலோசனை செய்து முடித்துவிடுகின்றது.

இதற்கு எதிர்முனையில், 'ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் வாங்குங்கள்' என்று தட்டிக்கொடுப்பவரும் தீங்கே செய்கின்றார். அச்சம் முழுவதும் கற்பனையன்று. காசு உதவி எண்ணப்பட்டு வந்துள்ளது, விதிகள் மாறியுள்ளன, மேலும் மாறக்கூடும். மெடிக்கெய்ட் பெறுவோரின் விபரங்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கையளிக்கப்பட்ட செய்தி 2025 ஜூன் மாதத்தில் வெளியாயிற்று. ஆவணமற்ற ஒருவர் தம் பெயரும் முகவரியும் எங்கே போகின்றன என்று அஞ்சுவதை மூடத்தனம் என்று எவரும் சொல்ல முடியாது. பொய்த் தைரியம் ஊட்டுபவன், ஆபத்து வந்த நாளில் அருகில் இருப்பதில்லை.

ஆகவே உதவி செய்ய முன்வருவோருக்குத் திட்டவட்டமான அறிவு வேண்டும். நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கப் பழகினால் மயக்கத்தின் பெரும்பகுதி அகலும்.

முதலாவது: கேட்பவரின் நிலை யாது? அவர் அகதியா, புகலிடம் பெற்றவரா, குடும்பத்தின் மூலம் வதிவுரிமை கேட்பவரா, ஏற்கெனவே வதிவுரிமை பெற்றவரா? அகதிக்கு இச்சோதனையில்லை. பிரசாவுரிமைக்கு விண்ணப்பிப்பதில் இச்சோதனை ஒரு நிபந்தனையன்று. 'கிறீன் காட்' எனப்படும் வதிவுரிமை அட்டையைப் புதுப்பிப்பதிலும் இச்சோதனையில்லை. ஆனால் அவ்வட்டை உள்ளவர் 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் தங்கித் திரும்பினால், புதிதாக நுழைபவர்போல் விசாரிக்கப்படலாம். ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் முதியோர் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது.

இரண்டாவது: உதவி எத்தகையது? மாதாந்தக் காசா, உணவா, மருந்தா, பாடசாலை மதியபோசனமா? யாவும் 'அரச உதவி' என்ற ஒரே பெயரில் வழங்கினும், சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

மூன்றாவது: அதனைப் பெற்றவர் யார்? விண்ணப்பிப்பவர்தாமா, அவரது பிள்ளையா? விண்ணப்பத்தில் கையொப்பமிட்டது தாய் என்பதனால் உதவி தாயுடையதாகிவிடாது. இவ்வொன்றை விளங்காமல் தவித்த வீடுகள் பல.

நான்காவது: இன்று எந்த விதி நடைமுறையில் உள்ளது? சென்ற ஆண்டின் துண்டுப்பிரசுரம் இவ்வாண்டுக்குப் பொருந்தாமற் போகலாம். இக்கட்டுரையிலுள்ள விதிகளுக்கும் அது பொருந்தும். ஆதலாலேயே ஆண்டுகளைக் குறித்து எழுதியுள்ளோம். இந்நான்குக்கும் விடை கண்டபின்னும் ஐயம் நீங்காவிடின், குடிவரவுச் சட்டம் அறிந்த, அனுமதி பெற்ற சட்டத்தரணியிடமோ அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியிடமோ அனுப்புதல் வேண்டும். படிவம் நிரப்பும் முகவர் சட்டத்தரணி ஆகிவிட மாட்டார்.

இப்பணியைச் செய்வோர் அங்கு இல்லாமலில்லை. குடிவரவாளர் உரிமைக்கான அமைப்புகள் 2017ஆம் ஆண்டிலேயே ஒன்றுகூடி 'குடிவரவுக் குடும்பங்களைக் காத்தல்' என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. 2018இல் நகல் விதி வெளிவந்தபோது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்துரைகள் அரசிடம் குவிந்தன. துண்டுப்பிரசுரம் கொடுத்தவர்களும் நீதிமன்றம் ஏறியவர்களும் ஒரே கூட்டணியில் நின்றனர் என்பதே இதிலுள்ள படிப்பினை. விளக்கம் பெற்றவரே எதிர்ப்பில் இணைவார். இருட்டில் நிற்பவர் ஊர்வலத்துக்கு வருவதில்லை.

இனி, பின்னர் கூறுவோம் என்று முன்பு சொல்லிவைத்த நமது நாட்டுக் கதை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தொழிலாளருக்கென 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் கொண்டுவரப்பட்டது. விவாகமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் தொடர்ந்து வதிந்தமையை நிரூபிக்க வேண்டும் என்பது பலரும் அறிந்த நிபந்தனை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காப்பதற்கு நியாயமான நிச்சய வருமானமோ, தகுந்த தொழிலோ, வேறு சட்டபூர்வமான சீவனோபாயமோ உண்டென்று காட்ட வேண்டும் என்பது பலர் மறந்துவிட்ட நிபந்தனை. இந்நாட்டின் தேயிலையைத் தம் முதுகில் சுமந்து, அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தவரைப் பார்த்து, 'நீ எங்களுக்குச் சுமையாக மாட்டாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்டது கொழும்பு. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 134,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. எழுதப்படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்திடம் படிவத்தையும் அத்தாட்சியையும் கேட்டதுதான் அச்சட்டத்தின் தந்திரம். அன்று லயன் அறைகளுக்குச் சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்த தொழிற்சங்கத் தோழர்களும் ஆசிரியர்களும் செய்தது வெறும் எழுத்துவேலை என்று எவரேனும் சொல்வரா? அரசு படிவத்தை ஆயுதமாக்கும்போது, படிவத்தை வாசித்துக் காட்டுபவன் படைவீரனாகின்றான்.

இலக்கியக்காரருக்கும் ஒரு சொல். புலம்பெயர்ந்தோர் வாழ்வை எழுதும் கதைகளில் பனி பெய்கின்றது. பனைமரம் நினைவில் அசைகின்றது. அவை மெய்யான உணர்ச்சிகளே. ஆயினும் பாற்பெட்டியைக் கையிலெடுத்து, இதனால் வதிவுரிமை போய்விடுமோ என்று அஞ்சித் திரும்பவும் தட்டில் வைக்கும் கையை நம்மிற் பலர் இன்னும் எழுதவில்லை. சமுதாய யதார்த்தம் என்று நாம் பேசுவது அந்தக் கையையும் உள்ளடக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. பிரயாணத்துக்கு ஆயத்தமாகும் முதியவர் தூதரகப் படிவத்துடன் உங்கள் வீட்டுக்கு வந்தால், ஆங்கிலத்தைத் தமிழாக்கிக் கொடுப்பதுடன் நின்றுவிடாதீர்கள். அப்படிவம் எதைக் கேட்கின்றது, ஏன் கேட்கின்றது, எதைக் கேட்க அதற்கு உரிமையில்லை என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். அறியாததை அறிந்ததுபோற் சொல்லாதீர்கள். அங்குள்ள உறவினர் தொலைபேசியில் வதந்தியை வாசித்தால், 'எந்த ஆண்டு விதி? யாருக்கு? எந்த உதவி?' என்று திருப்பிக் கேளுங்கள். வதந்திக்கு விலாசம் கேட்டால் அது வாசலிலேயே நின்றுவிடும்.

பொதுச்சுமை என்ற சொல்லை அமெரிக்காவின் சட்டப் புத்தகத்திலிருந்து அகற்றும் வலிமை நமக்கில்லை. அதனை அந்நாட்டின் உழைக்கும் மக்களே, கறுப்பரும் வெள்ளையரும் குடிவரவாளரும் ஒன்றுசேர்ந்து, ஒரு நாள் அகற்றுவர். அதுவரை, சட்டம் சொல்லாததையும் சேர்த்து மக்கள் அஞ்சாமலிருப்பதற்கு வேண்டிய அறிவைக் கையிற் கொடுக்க நம்மால் முடியும். தனக்குரியது எதுவென்று அறிந்தவனே, தனக்கு மறுக்கப்பட்டது எதுவென்றும் அறிவான்.